கதவடியில் சொன்ன தேத்தண்ணி

இந்த முறை எங்கள் உணவு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேரில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகளாம். கேட்டவுடன் துள்ளிக் குதிக்காத குறை. அடுத்த நிமிடமே ஒரு பயம் பிடித்தது. என்ன பயம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். மற்ற இருவரும் கேட்டால் ஜெர்மனில் சொல்லிக்கொடுங்கள், ஆனால் இது முதலில் உங்கள் இரண்டு பேருக்கும்தான்.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். நான் ஒரு கையில் அகராதியும் மறு கையில் பிள்ளையுமாக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள். சோடியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் வாழ்க்கையில் முதன்முதலாக ஜெர்மனில்தான் படித்தேன். எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, அது கணினியில் இருக்கிறது. கணினியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லித்தான் பழக்கம். அவசரக்காரர் தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள். என்ன தேத்தண்ணி என்று மட்டும் கவனித்து ஊற்றுங்கள்.

நான் ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தபோது சிவநேசன் என்பவர் என்னிடம் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், மனிதரை மாற்றவில்லை. ஐம்பது தாண்டிய வயது. ஹம் நகருக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய மனைவி வசந்திக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்திகரித்து உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார். தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றை மனைவிக்குக் கொடுக்க வேண்டும் என்று சிவநேசன் ஒற்றைக்காலில் நின்றார். இரத்தம் பொருந்தியது, இதயம் நன்றாக இருந்தது, எல்லாம் சரி. பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட.

மாற்று அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை வேறு நகரத்தில் இருந்தது. அங்கே அவருக்குச் சொல்லிவிட்டார்கள்: மூன்று மாதம் தருகிறோம், எடையைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், ஒரேயொரு மாத்திரையோடு பிரஷர் கட்டுக்குள் நின்றால் எடுக்கிறோம். நிற்காவிட்டால் உங்களுக்கு மிஞ்சும் ஒற்றைச் சிறுநீரகத்தையும் அந்தப் பிரஷர் தின்றுவிடும், எடுக்கமாட்டோம்.

அவர்களுக்கு ஒரே மகள், ஸ்டுட்கார்ட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் எடுக்க முடியாவிட்டால் நான் தருகிறேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. அதைக் கேட்டு வசந்தி என்ன சொன்னார் என்று சிவநேசன் முதல்நாளே என்னிடம் சொன்னார்.

"பிள்ளையின்ர உடம்பில கத்தி வைச்சுத்தான் நான் இருக்கோணுமெண்டால், எனக்கு இருக்கவே வேண்டாமெண்டு சொல்லுறா, அக்கா. சும்மா சொல்லேல்லை. அவ சொன்னால் சொன்னதுதான். இப்ப எல்லாம் என்ர பிரஷரிலதான் கிடக்கு."

உங்களுக்குத் தெரியும், ஒரு நாள் முழுக்கக் கையில் பட்டி கட்டி நாங்கள் எடுக்கும் பிரஷர் கணக்கு ஒரு தாளில் வரைபடமாக வரும். அந்தக் கோடு மேலே போனால் ஒரு குடும்பம் உடையும் என்று நினைத்துக்கொண்டு நான் அதற்கு முன் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

எனக்குள்ளே ஒரு வேட்டைநாய் உண்டு. எங்கே உப்பு ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் அதற்கு அலாதிப் பிரியம். அன்றைக்கு அதை அவிழ்த்துவிட்டேன். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்று எங்கள் பக்கத்துக் கள்ளரை முதலில் பிடித்தேன். பிறகு இந்த நாட்டுக் கள்ளர். காலையில் தின்கிற பாணிலேயே உப்பு இருக்கிறது என்று சொன்னபோது அந்த மனிதர் வாயைப் பிளந்தார். பாணுக்குள் இருக்கிற உப்பு, மேலே வைக்கிற சீஸில் இருக்கிற உப்பு, சூப்புக் கட்டியில் இருக்கிற உப்பு. "கறிக்கு உப்புப் போடாமல் விட்டிட்டன் எண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தன் அக்கா" என்று தலையில் கைவைத்தார். கறிக்கு உப்புக்குப் பதில் தேசிக்காய், மிளகு, உள்ளி, கறிவேப்பிலை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் நாக்கு சண்டை பிடிக்கும், மூன்றாம் கிழமை அடங்கிவிடும் என்றும் சொன்னேன்.

அந்த வீட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. பிரஷர்காரருக்கு நாங்கள் என்ன சொல்கிறோம்? கீரை சாப்பிடு, வாழைப்பழம் சாப்பிடு, தக்காளி, பருப்பு சாப்பிடு, அவற்றில் உள்ள பொட்டாசியம் உப்பை வெளியே தள்ளும், பிரஷர் இறங்கும். சிறுநீரகம் செத்தவருக்கோ அதே பொட்டாசியம் உடம்பில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும். ஒரு வீடு, இரண்டு நோயாளி, ஒரு சட்டி. மனைவி தின்ன முடியாததைத் தான் மட்டும் பக்கத்தில் இருந்து தின்ன சிவநேசனுக்கு மனம் வரவில்லை. நான் ஒரு வழி சொன்னேன். வீட்டில் வசந்தியின் சட்டி, அவர் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள். உங்களுடைய வாழைப்பழமும் கீரையும் தக்காளியும் வேலைத்தலத்தில். மனிதர் குளிர்ந்துபோனார்.

எல்லாம் முடிந்து எழும்பினார். கதவடியில் நின்று தேத்தண்ணியைப் பற்றி ஏதோ கேட்டார். நானும் ஏதோ சொன்னேன். டெர்மின், அதாவது குறித்த நேரம், எடுத்திருந்த அடுத்தவர் வெளியே காத்திருந்தார்.

ஆறு கிழமை கழித்து வந்தார். எடை இறங்கியிருந்தது. பிரஷர் ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, வடிவாக ஏறியிருந்தது. குடும்ப வைத்தியர் இரண்டாவது மாத்திரையும் தொடங்கிவிட்டார்.

பிள்ளைகள், இனிச் சொல்வது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. நான் அந்த மனிதரைக் கள்ளன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் கேட்டும்விட்டேன்.

"தம்பி, கன்டீனில என்ன சாப்பிடுறீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ. நான் உங்கட வைத்தியரிட்டச் சொல்லமாட்டன்."

"கன்டீனுக்கே போறேல்லை அக்கா."

"பொரிச்ச உருளைக்கிழங்கு? அந்தச் சொசேஜ்?"

"ஐயோ இல்லை. நீங்கள் எழுதித் தந்ததுதான். இந்தா, எல்லாம் எழுதியிருக்கிறன்."

கொப்பியை நீட்டினார். ஆறு கிழமைச் சாப்பாடு, மணி மணியான எழுத்தில், நாளும் நேரமுமாக. நான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வடிவாக எழுதுகிறவன் பொய் எழுதுகிறான் என்று தீர்ப்புச் சொன்னேன், மனதுக்குள்தான். ஆனால் என் முகம் ஒன்றையும் மறைக்காது என்று வீட்டில் சொல்வார்கள். சிவநேசனின் கண் கலங்கிவிட்டது. "கால் ரெண்டும் பாரமாய்க் கிடக்கு, கெண்டைக்கால் இழுக்குது" என்று போகிறபோக்கில் சொன்னார். வயது போகிறது, நாள் முழுக்க வண்டியில் இருக்கிறீர்கள், வேறு என்ன என்றேன். பாருங்கள், நோயாளி தன் வாயால் விடையைச் சொல்கிறார், நான் அதன்மேல் ஏறி நிற்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். அப்படிப் போவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை, ஆனால் தமிழ் வீடு, அக்கா என்ற உரிமை, யார் கேட்பது? குசினியை ஒரு மூலை விடாமல் கிண்டினேன். வசந்தி மெலிந்துபோன கையால் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து காட்டினார். உப்புப் பெட்டியில் பேனையால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். உப்பு அந்தக் கோட்டைவிட்டு இறங்கவேயில்லை. ஊறுகாய்ப் போத்தல் இல்லை, சூப்புக் கட்டி இல்லை. நான் போட்ட சட்டத்தை என் வீட்டில்கூட இப்படி யாரும் மதித்ததில்லை.

மேசையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. வசந்திக்கு ஒரு நாளுக்கு அவ்வளவுதான். சிறுநீர் போகாத உடம்புக்கு அதற்கு மேல் ஊற்றினால் நுரையீரலில் தேங்கும். காலையில் நிரப்பி, வாய் வாயாகக் குடித்து, இரவுவரை இழுப்பார்.

"இவர் என்ர முன்னால ஒரு வாய் தண்ணியும் குடிக்கிறேல்லை, அக்கா" என்றார் வசந்தி. "முந்தி ஒரு நாளைக்கு ஆறு தரம் தேத்தண்ணி குடிக்கிற மனிசன். இப்ப வீட்டில கேத்தில் வைக்கிறதே இல்லை. நான் பாத்துக்கொண்டு இருக்கோணுமெல்லோ, அதுக்காக. எல்லாம் வேலையிலதான்."

 எவ்வளவு அன்பான மனிசன் என்று நினைத்தேன், வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சொன்னதை அன்பாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். தகவலாகக் கேட்கவில்லை.

எங்கள் பிரிவுக்கு அப்போது ஒரு தலைமை மருத்துவர் இருந்தார். ஜெர்மனியின் வடக்குப் பக்கத்துப் பெண், நெடுவல், ஒரு சொல்லுக்கு மேல் இரண்டாவது சொல் வருவதே பெரிய காரியம். பெயர் சொன்னால் கோபிப்பார். ஒருநாள் மத்தியானம் என் அறைக்கு வந்து சிவநேசனின் இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் வைத்தார். பொட்டாசியம் இருக்க வேண்டிய அளவைவிட நன்றாகக் கீழே கிடந்தது.

"நீங்கள் வாழைப்பழம் கொடுத்த மனிதர்" என்றார் ஜெர்மனில்.

எனக்கு விளங்கவில்லை. பொட்டாசியத்தைக் கூடையோடு தின்னச் சொன்ன ஆளுக்குப் பொட்டாசியம் போதாதாம். அதே வீட்டில், அதைத் தொடாத மனைவிக்கு அது கூடிக்கொண்டு போகிறது. இது என்ன கோதாரி?

மருத்துவர் விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. அது அடங்காமல் சுரந்தால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே கொட்டும், பிரஷர் ஏறும். இவருக்கு அப்படி இருக்கலாம். அப்படியானால் இன்னும் பல பரிசோதனை, சிறுநீரகம் கொடுக்கிற கதை அத்தோடு சரி. மாற்று மருத்துவமனையில் கடைசி டெர்மினுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"அப்படியெல்லாம் இராது. வாழைப்பழம் தின்னவில்லை, அதிலும் பொய் சொல்லியிருக்கிறார்" என்றேன் நான்.

அவர் கதவுவரை போய்த் திரும்பினார். "இதைத்தான் நீங்கள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்." அந்த மாதத்தில் அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, பார்ப்போமே என்று கொப்பியின் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து ரயிலில் ஏறி விரித்தேன். இந்த முறை பொய் தேடவில்லை. எழுதியிருப்பது அத்தனையும் நடந்தது என்று எண்ணிக்கொண்டு அந்த மனிதரோடு ஒரு நாள் முழுக்கக் கூடவே நடந்தேன். காலை ஆறு மணிக்கு உப்பில்லாத புட்டு, கத்தரிக்காய்ப் பிரட்டல். ஒன்பது மணிக்கு வாழைப்பழம். பன்னிரண்டுக்குக் கீரை, பருப்பு, இரண்டு தக்காளி. மூன்று மணிக்கு இன்னொரு வாழைப்பழம். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை, ஆனால் மூக்கில் மணக்கிறது.

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டபோது பக்கத்து ஆசனத்துப் பெண் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.  ஆறு கிழமைக் கொப்பியில் இந்த மனிதர் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை! தண்ணீர் இல்லை, தேத்தண்ணி இல்லை, ஒன்றுமே இல்லை. எழுதியது பொய் இல்லை, எழுதாத ஒன்று இருக்கிறது. வசந்தியின் குரல் காதுக்குள் கேட்டது. எல்லாம் வேலையிலதான்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தக் களஞ்சியத்தின் வாசலில் நின்றேன். முன்னறிவிப்பு இல்லை. இடைவேளைக்கு வெளியே வந்த சிவநேசன் என்னைக் கண்டதும் முகம் வெளிறி ஓடி வந்தார். வசந்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ. உங்கட பையைத் திறந்து காட்டுங்கோ."

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் அமர்ந்து பையைத் திறந்தார். சாப்பாட்டுப் பெட்டி. வாழைப்பழம் இரண்டு. எழுதியது எழுதியபடி. அடியில் ஒரு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல்.

"இதுக்குள்ள என்ன?"

"தேத்தண்ணி, அக்கா."

மூடியில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். தேன்போல இனித்தது. பிடிபட்டான் கள்ளன் என்று எனக்குள் அந்த வேட்டைநாய் வாலை ஆட்டியது. "சீனி எவ்வளவு போடுறனீங்கள்?"

"சீனியே இல்லை. அதிமதுரம். வேரைத் தட்டிப் போட்டு அவிக்கிறது. நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்."

"நானோ?"

"ஓம். முதல்நாள், கதவடியில. சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்க ஏலாமக் கிடக்கு எண்டு கேட்டன். அதிமதுரத் துண்டு ஒண்டு போட்டு அவிச்சுக் குடியுங்கோ, சீனியும் இல்லை, உப்பும் இல்லை, உடம்புக்கும் நல்லது எண்டீங்கள். அண்டைக்கே கடையில வாங்கிட்டன்."

என் கையில் மூடி அப்படியே நின்றது. சொன்னேன்தான். நாக்கில் சனி. தொண்டைக்கட்டுக்கு அம்மா அவித்துத் தந்த அதிமதுரம், அந்த இனிப்பு, அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். அது என்ன வேர்? கறுப்பு மிட்டாயாக இந்த நாட்டுக் கடைகளில் தொங்குகிறதே, லக்ரிட்ஸ், அதே வேர்தான். லக்ரிட்ஸ் நிறையச் சாப்பிட்டால் உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் போகும், பிரஷர் ஏறும், கால் இழுக்கும் என்று நான் பரீட்சையில் எழுதி முழுப்புள்ளி வாங்கியவள். அது ஜெர்மனில் படித்தது, அந்தப் பக்கம் கிடந்தது. அதிமதுரம் வீட்டில் கற்றது, இந்தப் பக்கம் கிடந்தது. இரண்டும் என் ஒரே மண்டைக்குள் இத்தனை வருடமும் சந்திக்காமலே இருந்திருக்கின்றன.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறனீங்கள்?"

"ரெண்டு போத்தல். காலமை ஒண்டு, பிறகு இஞ்ச சுடுதண்ணி பிடிச்சு இன்னொண்டு. பிரஷர் குறையேல்லை எண்டோடன துண்டைக் கூட்டினனான். நல்ல சாமானெல்லோ."

பிரஷர் ஏற ஏற, இறக்குவதற்காக அந்த மனிதர் வேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் அவரைக் கள்ளனாகப் பார்த்த அன்றும் அதைக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஏன் தம்பி கொப்பியில எழுதேல்லை?"

"சாப்பாட்டை எழுதச் சொன்னீங்கள், எழுதினன். மருந்தெல்லாத்தையும் எழுதச் சொல்லி வைத்தியர் தாள் தந்தார், அதில குளிசையை எழுதினன். இது ரெண்டும் இல்லையே அக்கா. இது சும்மா குடிக்கிறது."

அதிமதுரம்தான் காரணம் என்று சொன்னேன். இன்றைக்கே நிறுத்துங்கள் என்றேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.   அவருடைய முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கு வைத்தியர் சொன்ன அந்தச் சுரப்பி வருத்தம் இல்லையோ? அப்ப நான் குடுக்கலாமோ?" என்றார். என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஆனால் விஷயம் அவ்வளவு லேசு இல்லை. அந்த வேர் செய்த வேலை உடம்பைவிட்டுப் போகப் பல கிழமைகள் ஆகும். டெர்மினுக்கு ஒன்பது நாள். அன்றைக்கு அளந்தால் பிரஷர் அதே உயரத்தில்தான் நிற்கும். காரணம் தெரிந்தால் மட்டுமே அவர்கள் பொறுத்திருந்து திரும்ப அளப்பார்கள். காரணத்தைச் சொல்வதென்றால் யார் சொன்னது என்ற கேள்வி வரும்.

சிவநேசனுக்கும் அது விளங்கிவிட்டது. "நானே கடையில கண்டு வாங்கிக் குடிச்சனான் எண்டு சொல்லுறன், அக்கா. உங்கட பேர் என்னத்துக்கு? எங்கட ஆக்களுக்கு எண்டு நீங்கள் ஒராள்தானே அங்க இருக்கிறீங்கள்."

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிடம் அந்தப் பேச்சு இனித்தது. நோயாளியின் விபரக் கோப்பான அக்தேயை எடுத்துப் பார்த்தால் நான் ஜெர்மனில் எழுதிய ஆலோசனை வரிக்கு வரி இருக்கும். கதவடியில் தமிழில் சொன்னது எங்கேயும் இல்லை. சாட்சி இல்லை. ஓய்வுக்கு மூன்று வருடம். எனக்கு நல்ல பயமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னபடி செய்தால் அந்த மருத்துவமனைக்காரர் என்ன எழுதுவார்கள்? இவர் வைத்தியர் சொல்வதைக் கேட்காமல் தன்பாட்டில் கண்டதையும் குடிக்கிற ஆள் என்று எழுதுவார்கள். அப்படிப்பட்டவரை ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழவிட யார் துணிவார்கள்? என் பெயரைக் காப்பாற்றினால் அவருடைய பெயர் போகும். அத்தோடு வசந்தி போவார், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கத்திக்குக் கீழே போகும்.

"நீங்கள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. இத்தனை நாளும் சொல்லேல்லைத்தானே, இப்ப ஏன் தொடங்குறீங்கள்?" என்றேன். சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

அன்று மத்தியானமே அக்தேயைத் திறந்து எழுதினேன். ஆலோசனை முடிந்தபின், கதவடியில், தமிழில், அதிமதுரத் தேநீர் குடிக்கும்படி நான் வாய்மொழியாகச் சொன்னேன். நோயாளி அதைச் சொன்னபடி பின்பற்றினார். உணவுக் கட்டுப்பாட்டில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தாளை எடுத்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் போனேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். 

"இனி எனக்கு என்ன எழுதுவதென்று தெரியும்" என்றார். தொலைபேசியை எடுத்து மாற்று மருத்துவமனைக்கு அழைத்தார். இரண்டு மாதம் கூடக் கொடுத்தார்கள். எனக்கு நிர்வாகத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டியதுதான். இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு மாதமும் நான் நித்திரை கொண்டது குறைவு. முதலில் கால் இழுப்பு நின்றது. பிறகு பொட்டாசியம் மெல்ல ஏறியது. பிரஷர் கோடு படி இறங்கத் தொடங்கியது, இறங்கி இறங்கி, அவர் என்னிடம் முதல்நாள் வந்தபோது இருந்த இடத்தையும் தாண்டிக் கீழே போனது. அவர் உப்பைக் குறைத்ததும் கீரை தின்றதும் எடையைக் குறைத்ததும் எல்லாம் அந்தப் பழைய ஆறு கிழமையிலும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. என் தேத்தண்ணி அதை மறைத்துவிட்டது. குடும்ப வைத்தியர் இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார். ஒற்றை மாத்திரையோடு பட்டி கட்டி ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். அந்த மருத்துவமனை ஓம் என்றது.

பிள்ளைகள், கதவடியில் கதைக்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்கள் கதிரையில் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஓம் போடுவார்கள். கேட்க வேண்டியதை எழும்பிப் போகும்போதுதான் கேட்பார்கள். நீங்களும் அந்த நேரம் பிரிவின் ஆலோசகராக இருக்கமாட்டீர்கள், அக்காவாகவோ தங்கச்சியாகவோ மாறியிருப்பீர்கள். அவர்கள் நீங்கள் கதிரையில் இருந்து சொன்னதைவிட அதைத்தான் நம்புவார்கள். கதைத்ததை எழுதிவைப்பீர்களா என்பதுதான் என் பயம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். வசந்தியின் முகத்தில் இரத்தக்களை தெரிந்தது. கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல்.

"குடி குடி எண்டு நெடுகச் சொல்லுகினம் அக்கா. குடிச்சு முடியேல்லை" என்று சலித்துக்கொண்டார். அப்படியொரு அழகான சலிப்பை நான் கேட்டதில்லை. வீட்டில் கேத்தில் திரும்பவும் அடுப்பில் ஏறிவிட்டதாம். பின்னேரம் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து வெறும் தேத்தண்ணி குடிக்கிறார்களாம்.

புதுச் சிறுநீரகத்துக்கு என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று ஒரு மணித்தியாலம் கதைத்தோம். எழுதிக் கொடுத்தேன். எழும்பினார்கள். கதவடியில் வசந்தி திரும்பினார்.

"அக்கா, ஒரு சின்னக் கேள்வி. ஊரிலயிருந்து தம்பி ஒரு மூலிகைத்தூள் அனுப்பியிருக்கிறான். சும்மா தண்ணியில கலந்து குடிக்கிறதுதான். குடிக்கலாமோ?"

வெளியே அடுத்த டெர்மின்காரர் நின்றார். என் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"உள்ளுக்கு வாங்கோ. இருங்கோ" என்று சொல்லிக்கொண்டு, மூடிய அக்தேயைத் திரும்பத் திறந்தேன். வசந்தி ஒன்றும் விளங்காமல் நின்றார். சிவநேசன் சிரித்தபடி கதவைச் சாத்தினார். வந்து கதிரையில் அமர்ந்து, நான் கேட்காமலே தன் பையைத் திறந்து, சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தார்.